வேலிப் பக்கத்துப் பட்டை

மார்ச் மாதத்து மூன்றாம் சனிக்கிழமை காலையில் ஓடெல் மெஸ்ஸர், வெல்மா அம்மாளின் முன்தோட்டத்து டாக்வுட் மரத்தடியில் மண்டியிட்டு மண் தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று பிளாஸ்டிக் பைகள் இருந்தன. மூன்று இடத்து மண்ணை இடத்துக்கொரு கைப்பிடி எடுத்து மாவட்ட விவசாய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வேலியோரம், நடு, மரத்தடி என்று வெல்மா அம்மாளே சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். மரத்துக்கு விஷம் வைத்தது யார் என்பது மண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. உண்மையில் யார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அலுவலகத்து முத்திரை ஒன்றுதான் குறைந்தது.

வேலியோரத்து மண்ணையும் நடுமண்ணையும் எடுத்தாகிவிட்டது. மரத்தடியில் மண் கைக்கு எட்டவில்லை. அடிமரத்தைச் சுற்றி மரச்சிராய் கூம்பாகக் குவிந்து முழங்கால் உயரத்துக்குக் கரையான் புற்று போல நின்றது. வருடா வருடம் வசந்தத்தில் ஓடெல்தான் கொண்டுவந்து கொட்டுகிறார். எங்கள் தெருவில் எல்லா மரங்களுக்கும் இப்படித்தான். பார்க்கப் பாங்காக இருக்கும். அவர் சிராயைக் கையால் விலக்கினார். மேலே காய்ந்திருந்தது, உள்ளே போகப் போக ஈரமும் புளித்த நாற்றமும் வந்தன. டாக்வுட்டின் பட்டை முதலையின் தோல் போலச் சிறு சிறு கட்டங்களாக வெடித்திருக்கும். அந்தக் கட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவர் விரலுக்கு வழுவழுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. விரலை அழுத்தினார். பட்டை ஊறிய அட்டை போலக் கழன்று வந்தது. அதன் அடியில் செத்த மரம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. அதில் குறுக்காக, நெருக்கமாக, ஒரே உயரத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள்.

ஓடெல் முப்பத்து நான்கு வருடம் மேஜை நாற்காலி செய்யும் ஆலையில் கடைசல் வேலை பார்த்தவர். மரத்தில் ஒரு கோட்டைப் பார்த்தால் அதைப் போட்ட கருவி எது என்று சொல்லிவிடுவார். இதைச் சொல்வதற்கு அந்த அனுபவம்கூடத் தேவைப்படவில்லை. சுழலும் நைலான் நரம்பு போட்ட கோடு அது. அந்த நரம்பு சுழன்று புல்லை ஒதுக்கும் டிரிம்மர் பத்தடி தள்ளி அவருடைய டிரக்கின் பின்புறத்தில் கிடந்தது.

வெல்மா அம்மாளின் கணவர் கிளைடு ஹென்ஸ்லி இறந்து மூன்று வருடம் ஆகிறது. மருத்துவமனையில் கிளைடு பேசிய கடைசி நாளில், புல்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓடெல் சொல்லியிருந்தார். மூன்று கோடையிலும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. கிளைடு வைத்திருந்த மாதிரியே, மரத்தைச் சுற்றி ஒரு புல் நீட்டிக்கொண்டிருக்காதபடி வட்டமாக ஒதுக்கி எடுப்பார். நரம்பு அடிமரத்தில் படும்போது டப்டப்பென்று சத்தம் வரும். அது வேலை முடிந்ததற்கான சத்தம் என்று அவர் நினைத்திருந்தார்.

இப்போது இரண்டு கையாலும் சுற்றிலும் தடவிப் பார்த்தார். முக்கால் சுற்றுக்குப் பட்டை இல்லை. வேலியை ஒட்டிய பக்கத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு உயிருள்ள பட்டை மேலேறிப் போனது. அங்கே ஓர் அசேலியாப் புதர் இருந்ததால் டிரிம்மர் நுழையவில்லை. போன வருடம் பட்டுப்போனது வீட்டுப் பக்கத்துக் கிளை. வேலிக்கு அப்பாலிருந்து விஷம் வந்திருந்தால் வேலிப் பக்கத்துக் கிளைதான் முதலில் போயிருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஏழு மாதமாக எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

கதவுச் சத்தம் கேட்டதும் ஓடெல் சிராயைத் திரும்பக் குவித்துவிட்டார். அதற்காகத் தீர்மானம் எதுவும் செய்யவில்லை. கைகள் தாமாகக் குவித்தன.

வெல்மா அம்மாள் காப்பிக் கோப்பையோடு வந்தார். எழுபத்தாறு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் நின்ற கால்கள், இப்போது புல்லில் பார்த்துப் பார்த்துத்தான் வைப்பார்.

"எடுத்துட்டியா ஓடெல்?"

"எடுத்துட்டேன்க்கா."

"மரத்தடி மண்ணு கொஞ்சம் தாராளமாவே போடு. வெஷம் அங்கதான் தேங்கி நிக்கும்." வேலிப் பக்கம் பார்த்தார். "காலைல ஏழு மணிக்கே அந்த வடக்கத்தியான் முதுகுல மருந்து டப்பாவக் கட்டிக்கிட்டு வந்துட்டான். புல்லுக்கு ஞானஸ்நானம் நடக்குது. அதுவும் தெளிப்பு ஞானஸ்நானம்தான், முழுக்கு கிடையாது. அவங்க சபை வழக்கம் அப்படித்தானே."

வேறு எந்த நாளிலும் ஓடெல் இதற்குச் சிரித்திருப்பார். நாங்கள் பாப்டிஸ்டுகள், தண்ணீரில் முழுக்குவதுதான் ஞானஸ்நானம் என்பவர்கள், எங்களுக்குள் ஓடும் நகைச்சுவை இது. அன்றைக்கு அவர் காப்பியைக் குடித்துவிட்டு மூன்றாவது பையையும் நிரப்பினார்.

லியோ நோவாக் வடக்கே ஒஹையோவில் டயர் ஆலையில் ஓய்வு பெற்று, மனைவி ஜூடித்தோடு இரண்டு வருடம் முன்பு பக்கத்து வீட்டை வாங்கியவர். புல்லின் மேல் அவருக்கு ஒரு பித்து உண்டு. கராஜில் பட்டறை போட்டு, புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்துக் கொடுத்தார். கைராசிக்காரர். ஓடெலின் டிரிம்மரில் நரம்பு சிக்கிக்கொண்டபோது காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்ததும் அவர்தான். போன ஆகஸ்டில் டாக்வுட்டின் இலைகள் ஓரம் கருகி, வீட்டுப் பக்கத்துக் கிளை பட்டதும் வெல்மா அம்மாளின் பார்வை அந்த முதுகு டப்பாவின் மேல் விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு ஜூடித் வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை ஒரு பூப்போட்ட தட்டில் கொடுத்தனுப்பினார். வெல்மா அம்மாள் தட்டைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்பினார். எங்கள் மலைப் பக்கத்தில் வெறும் தட்டைத் திருப்புவது என்றால் என்ன என்று ஒஹையோக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தோம். தெரிந்துதான் இருந்தது என்று பின்னால் புரிந்தது. வெல்மா அம்மாள் விஷயத்தைச் சிலரிடம் சொன்னார், அது ஊர் முழுக்கப் பரவியது. இந்த வசந்தத்தில் எங்களில் பலர் இயந்திரத்தை டிரக்கில் ஏற்றிப் பதினெட்டு மைல் தள்ளிப் போய்ப் பழுது பார்த்தோம். நானும் போனேன். யாரும் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

அந்த மரம் வெறும் மரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீடு வாங்கிய வருடம் கிளைடு காட்டிலிருந்து அதைக் கன்றாகப் பெயர்த்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நாற்பத்திரண்டு வருடம் ஆகிறது. ஈஸ்டர் காலையில் எங்கள் சபை வாசலில் கோழிவலை சுற்றிய மரச்சிலுவை நிற்கும். எல்லோரும் வீட்டுப் பூவைக் கொண்டுவந்து வலைக்கண்ணில் செருகுவோம், மரம் மறையும்வரை. குறுக்குக் கட்டை சேரும் இடத்தில் முதல் கொத்து கிளைடின் டாக்வுட். இயேசுவின் சிலுவைக்கு மரம் கொடுத்தது அதுதான், அந்த வருத்தத்தில்தான் அது குட்டையாகிக் கோணிவிட்டது, நான்கு இதழின் நுனியிலும் இருப்பது ஆணித் தழும்பு என்று எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. வேதத்தில் அப்படி இல்லை. எங்கள் பாஸ்டர் வருடா வருடம் வேதத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு அந்தக் கதையைச் சொல்வார்.

அன்று சாப்பாட்டு மேஜையில் ஓடெல் மனைவியிடம் சொன்னார். லூரீன் சோள ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"வெஷம் ஒண்ணும் இல்ல. நான்தான்."

"எது நீங்கதான்?"

"மரம். மூணு கோடை, வாரத்துக்கு ஒருதரம் பட்டையை உரிச்சிருக்கேன். மேல சிராயப் போட்டு மூடி அழுகவும் வெச்சிருக்கேன்." தட்டிலிருந்த ரொட்டியைப் பிட்டார். "அந்த சத்தம் எனக்குப் புடிக்கும் லூரீன். வேலைய சுத்தமா செய்யறோம்னு தோணும்."

லூரீன் கத்தியை வைத்தார். "வெல்மாக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"நீங்க சொல்லலன்னா மரம் எழுந்து சொல்லப் போறதில்ல."

"அது தெரியும்."

"தெரிஞ்சா சரி. இன்னொரு துண்டு வெக்கவா?"

மண் பைகள் மூன்றும் டிரக்கின் முன்கண்ணாடி அருகே கிடந்தன. திங்கட்கிழமை அனுப்பவில்லை. செவ்வாயும் அனுப்பவில்லை. சொல்வதற்கான வாசகத்தை அவர் பல விதமாகக் கோர்த்துப் பார்த்தார். எப்படிக் கோர்த்தாலும் அது ஒரே இடத்தில் போய் முடிந்தது. வெல்மா அம்மாளுக்குக் கிளைடின் கையால் ஆனதில் மிச்சம் இருப்பது அந்த மரம். சனிக்கிழமை தவறாமல் வருகிற மனிதர் இவர். இரண்டில் ஒன்றை மற்றொன்று கொன்றுகொண்டிருக்கிறது என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது. தள்ளிப் போடுவதற்கு இது ஒரு நல்ல காரணமாகவும் இருந்தது. அன்பு தரும் காரணங்களில்தான் நாம் அதிக நாள் ஒளிந்திருக்கிறோம்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் பாஸ்டர் வழக்கம்போல ஜெபக் குறிப்புகளைக் கேட்டார். ஒருவருக்குப் பித்தப்பைக் கல், ஒருவரின் பேரனுக்கு வேலை. பிறகு வெல்மா அம்மாள் எழுந்தார். "என் பக்கத்து வீட்டுக்காரர் என் மரத்துக்குச் செஞ்சத மன்னிக்க எனக்கு மனசு வரமாட்டேங்குது. மன்னிக்கிற கிருபைய ஆண்டவர் தரணும்னு ஜெபம் பண்ணுங்க." குரலில் பொய் இல்லை. அந்த அம்மாள் மெய்யாகவே அதற்காக வாதைப்பட்டார்.

பாஸ்டர் பெஞ்சுகளைப் பார்த்தார். "ஓடெல் பிரதர், நீங்க ஜெபத்துல நடத்துங்க."

ஓடெல் எழுந்தார். முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கண்களை மூடிக்கொண்டோம். வெகு நேரம் சத்தமில்லை. பரிசுத்த ஆவியானவர் அவரை நெருக்குகிறார் என்று நான் நினைத்தேன். அது ஒரு விதத்தில் உண்மைதான். பிறகு அவர் ஜெபித்தார். பித்தப்பைக்காகவும் வேலைக்காகவும் ஜெபித்தார். எங்கள் சகோதரிக்குத் தீங்கு செய்தவரை மன்னிக்கும் இருதயத்தை அவளுக்குத் தாரும் என்று முடித்தார். ஆமென் என்றோம். வெல்மா அம்மாளின் ஆமென் சற்றுச் சத்தமாகவே இருந்தது.

மறுநாள் காலை ஓடெல் டிரிம்மரைக் கையில் எடுத்துக்கொண்டு நோவாக்கின் கராஜுக்குப் போனார். நோவாக்கிடம் போவது வெல்மா அம்மாளிடம் போவதைவிடச் சுலபம் என்பதால் முதலில் அங்கே போனதாக அவரே பின்னால் சொன்னார். பட்டறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வேலைக்கு வந்த இயந்திரம் ஒன்றுகூட இல்லை. நோவாக் வானொலி கேட்டுக்கொண்டு ஒரு பழைய டப்பாவிலிருந்த திருகாணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"இல்ல. நல்லாத்தான் ஓடுது. அதான் பிரச்சினை."

ஓடெல் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், புதன்கிழமை ஜெபத்தையும் விடவில்லை. நோவாக் திருகாணிகளைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. கடைசியில், "எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"போன ஜூன்லயே பாத்தேன். நரம்பு பட்டையில அடிக்குது. வேலி மேல கையப் போட்டுட்டு நின்னேன். நீங்க தலையாட்டினீங்க. நானும் தலையாட்டிட்டு உள்ள போயிட்டேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அப்ப குடிவந்து ஒரு வருஷம்தான் ஆயிருந்துச்சு. ஊர்க்காரனுக்குப் புல்லு வெட்டக் கத்துக்குடுக்க வந்துட்டான் பாரு ஒஹையோக்காரன்னு பேசுவாங்க, வாய வெச்சுட்டு இருன்னு ஜூடித் சொன்னா."

"பேசித்தான் இருப்போம்."

"ம்."

"அப்புறமாவது? ஊரெல்லாம் உங்களச் சொன்னப்ப?"

நோவாக் ஒரு திருகாணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப சொன்னா தப்பிக்கறதுக்காகச் சொல்ற மாதிரி இருக்கும். சொன்னாலும் யாரு நம்புவா? நீங்க சபை டீக்கன். நான் டப்பாக்காரன்." அதை எந்தக் குற்றச்சாட்டும் இல்லாமல் சொன்னார். பிறகு கேட்டார், "பட்டை முழுசா போயிடுச்சா?"

"வேலிப் பக்கம் ஒரு கை அகலம் இருக்கு. அசேலியா இருக்கறதால மெஷின் போகல."

நோவாக் முதல் முறையாகச் சிரித்தார். "அப்ப என் பக்கத்துலேர்ந்துதான் இன்னும் சாப்பாடு போயிட்டிருக்கு."

அவருடைய அப்பாவுக்கு நாற்பது ஆப்பிள் மரங்கள் இருந்தனவாம். பனி மூடிய மாதங்களில் முயல்கள் வந்து அடிப்பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். அப்பா அதே மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, காயத்துக்குக் கீழே பட்டைக்குள் ஒரு முனை, மேலே பட்டைக்குள் ஒரு முனை என்று பாலம் போலச் செருகிவிடுவார். குச்சி பிடித்துக்கொண்டால் அதன் வழியாக மரம் பிழைத்துக்கொள்ளும்.

"டாக்வுட்ல புடிக்குமா?"

"தெரியாது. ஆப்பிள்ல பத்துக்கு ஆறு புடிக்கும். ஆனா குச்சிய மொட்டு விரியறதுக்கு முன்னாடி வெட்டி ஈரத்துல சுத்தி வெச்சுக்கணும். இந்த வெயிலுக்கு மொட்டு இன்னும் நாலஞ்சு நாள் மூடியிருக்கும். அதுக்கு மேல பிரயோஜனம் இல்ல." பிறகு சேர்த்துக்கொண்டார், "மரம் அவங்களது. அவங்க சொன்னாத்தான் நான் வேலியத் தாண்டி வருவேன்."

வெள்ளிக்கிழமை காலை ஓடெல் வெல்மா அம்மாளின் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, நீங்கள் கொஞ்சம் வெளியே வாருங்கள் என்றார். மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சிராயை முழுவதுமாக வாரி ஒதுக்கினார். கிளைகளில் மொட்டுகள் சட்டைப் பொத்தான் அளவில், சாம்பல் நிறத்தில், இறுக மூடியிருந்தன. வீட்டுப் பக்கம் அவையும் குறைவு.

"இது என்னோட வேலைக்கா," என்றார். "நோவாக் இதுல ஒண்ணும் பண்ணல."

வெல்மா அம்மாள் குனியப் பார்த்தார், முடியவில்லை. ஓடெலின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முழங்காலை மண்ணில் ஊன்றினார். கோடுகளின் மேல் விரலை வைத்து, துணியில் தையலைப் பார்ப்பதுபோல் ஓட்டிக்கொண்டே போனார். வேலிப் பக்கம் விரல் உயிர்ப்பட்டையில் ஏறியதும் நின்றது.

"கிளைடு இங்க மெஷின் கொண்டுவந்ததே இல்ல," என்றார். "கத்தரிதான். மண்டி போட்டு ஒவ்வொரு புல்லா வெட்டுவார். கொட்டாய்ல மாட்டியிருக்கு, நீ பாத்திருப்ப."

ஓடெல் பார்த்திருந்தார். பழைய காலத்து மனிதர் என்று நினைத்திருந்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சனிக்கிழம. மண்ணு எடுத்தப்ப."

அந்த அம்மாள் கணக்குப் போட்டார். அது அவர் முகத்தில் தெரிந்தது. "அப்ப புதன்கிழம ஜெபம் பண்ணினியே. தெரிஞ்சுதான் பண்ணினியா?"

"தெரிஞ்சுதான்க்கா."

"அந்த ஜெபத்துக்கு நான் ஆமென் சொன்னேன் ஓடெல்."

அவர் எழ ஓடெல் உதவினார். அந்த அம்மாள் மறுக்கவில்லை, ஆனால் எழுந்ததும் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் போனார். அந்த வீட்டு வலைக்கதவு எப்போதும் அடித்துக்கொண்டுதான் சாத்திக்கொள்ளும், வெல்மா அம்மாள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அன்று பிடித்து, சத்தம் வராமல் சாத்தினார்.

சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று ஓடெல் லூரீனிடம் கேட்டார். "இன்னிக்கு சனிக்கிழமதானே?" என்றார் லூரீன். ஓடெல் டிரிம்மரை எடுக்காமல் போனார்.

வாசல் கைப்பிடிக் கட்டையின் மேல் ஒரு புல்கத்தரி கிடந்தது. துரு தேய்த்து எடுக்கப்பட்டு, எண்ணெய் பூசப்பட்டிருந்தது. இரவிலேயே பூசியிருக்க வேண்டும், கட்டையில் எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. வலைக்கதவுக்குப் பின்னால் வெல்மா அம்மாள் நின்றிருந்தார்.

"அக்கா, நோவாக் ஒரு வைத்தியம் சொல்றாரு. குச்சி வெட்டணும். அவரக் கூப்பிட்டா..."

"நீ ஒண்ணும் கூப்பிட வேணாம்."

அவர் கதவைத் திறந்து வெளியே வந்து, படியிறங்கி, புல்லில் ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து வேலிவரை நடந்தார். நோவாக் தன் பக்கத்தில் நின்றிருந்தார். வெகு நேரமாக நின்றிருப்பார் போல.

"மிஸ்டர் நோவாக்," என்றார் வெல்மா அம்மாள். "உங்க வீட்டுத் தட்ட நான் வெறுமனே அனுப்பினேன்."

"தட்டு சுத்தமா இருந்துச்சும்மா," என்றார் நோவாக்.

"சுத்தமாத்தான் இருந்துச்சு. அதான் சொல்றேன்." கையை நீட்டிக் காட்டி, "கேட் அந்தக் கோடியில இருக்கு. வேலியத் தாண்டாதீங்க, இடுப்பு புடிச்சுக்கும்," என்றார்.

அன்று பன்னிரண்டு குச்சிகள் வெட்டி, ஈரத் துணியில் சுற்றி ஜூடித்தின் குளிர்பெட்டியில் வைத்தார்கள். ஏப்ரல் முதல் வாரம், பட்டை இளகி வந்ததும், பாலம் போட்டார்கள். நோவாக்குக்கு முறை தெரியும், கை நடுங்கும். ஓடெலுக்கு முறை தெரியாது, கை நடுங்காது. டாக்வுட் இரும்பு மாதிரி மரம். அந்தக் காலத்தில் தறி நாடா செய்யத் தேடிப் போய் வாங்குவார்கள். அதில் சாய்வாகச் சீவி எடுப்பதற்கு ஓடெல் ஆலைக் கத்தியைக் கொண்டுவந்திருந்தார். அழுகியதைச் சுரண்டி, நல்ல பட்டை வரும்வரை மேலும் கீழும் ஒதுக்கினார்கள். ஐந்து குச்சிகள், அடி கீழே, நுனி மேலே, நடுவில் லேசாக வில் போல வளைந்து நின்றன. வெல்மா அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெட்டுவாய் காயாமல் பூசுவதற்கான மெழுகு டப்பாவை மடியில் வைத்திருந்தார்.

"ஆணி அடிக்கணுமா?" என்று கேட்டார்.

"அடிக்கணும்மா, குச்சி நகராம இருக்க. சின்னதுதான்," என்றார் நோவாக்.

வெல்மா அம்மாள் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பத்து ஆணிகள் அடித்து முடிந்ததும் திரும்பி, மெழுகை நீட்டினார்.

அந்தப் புதன்கிழமை ஜெபக் குறிப்பு உண்டா என்று பாஸ்டர் கேட்டதும் ஓடெல் எழுந்தார். அவர் வாய் திறப்பதற்குள் வலப்பக்க வரிசையிலிருந்து வெல்மா அம்மாளின் குரல் வந்தது. "உக்காரு ஓடெல். மொதல்ல நான்." ஓடெல் உட்கார்ந்தார். "என் பக்கத்து வீட்டுக்காரருக்கு விரோதமா நான் பொய்ச்சாட்சி சொன்னேன். ஒரு தடவ இல்ல. யார் யார்கிட்ட சொன்னேன்னு நேத்து உக்காந்து எண்ணிப் பாத்தேன், பதினொரு பேரு வந்துச்சு. அதுல ஒம்போது பேரு இப்ப இங்கதான் இருக்கீங்க. அவர் என் மரத்துக்கு ஒண்ணும் பண்ணல." உட்கார்ந்தார். "இப்ப நீ."

ஓடெல் எழுந்து தன்னுடையதைச் சொன்னார். நான் இங்கே எழுதியிருப்பதில் பாதி அன்று அவர் வாயால் கேட்டதுதான். முடித்து உட்கார்ந்தார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "பித்தப்பை எப்படி இருக்கு பிரதர்?" என்று அடுத்த பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். அவர் நல்ல மேய்ப்பர்.

மறுநாள் நான் என் புல்வெட்டும் இயந்திரத்தை நோவாக்கின் கராஜுக்குக் கொண்டுபோனேன். அதில் பழுது ஒன்றும் இல்லை. அவர் திறந்து பார்த்தார், பழுதில்லை என்று சொல்லவில்லை. பிளேடைத் தீட்டிக் கொடுத்தார். எனக்குப் பின்னால் வாசலில் இன்னொரு டிரக் வந்து நின்றது.

ஈஸ்டருக்கு அந்த மரத்திலிருந்து கொத்து வெட்டவில்லை. இருக்கிற வலு அதற்கே வேண்டும் என்று நோவாக் சொல்லியிருந்தார். வெல்மா அம்மாள் ஒரே ஒரு பூவைக் கிள்ளிக் கைக்குட்டையில் வைத்துக் கொண்டுவந்தார். குறுக்குக் கட்டை சேரும் இடத்தில் அதைச் செருகினார். நான்கு வெள்ளை இதழ், நுனியில் துருநிறத் தழும்பு. சுற்றிலும் மற்றவர்களின் டாஃபடில்களும் டூலிப்களும் நெருங்கி வந்ததில் சற்று நேரத்தில் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் டாக்வுட் குளிர் வந்தது. மரம் பூக்கும்போது இரண்டு மூன்று நாள் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போகும் குளிர் அது. அதற்கு முன் சோளம் விதைப்பவன் மடையன் என்பார்கள். வெல்மா அம்மாள் படுக்கை விரிப்புகளை எடுத்துக் கொடுத்தார், ஓடெலும் நோவாக்கும் அடிமரத்தைச் சுற்றிக் கட்டினார்கள்.

சனிக்கிழமை காலை வெயில் வந்துவிட்டது. ஓடெல் விரிப்புகளை அவிழ்த்தார். உறைபனி உருகித் துணி கனத்திருந்தது. டிரக்கிலிருந்து அந்த மூன்று பைகளைக் கொண்டுவந்தார். மண் உள்ளேயே காய்ந்து கட்டியாகியிருந்தது. சீட்டைப் பார்த்து, வேலியோரத்து மண்ணை வேலியோரத்திலும், நடுமண்ணை நடுவிலும், மரத்தடி மண்ணை மரத்தடியிலும் கொட்டினார். எங்கே கொட்டினாலும் ஒன்றுதான். இருந்தாலும் அப்படிச் செய்தார். பிறகு கத்தரியை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த நோவாக்கின் இயந்திரம் நின்றது. வேலிக் கம்பத்தின் தட்டையான தலையில், துணி போட்டு மூடிய ஒரு தட்டு இருந்தது. பூப்போட்டது அல்ல, வெல்மா அம்மாளின் நீல விளிம்புத் தட்டு. துணியின் ஒரு மூலை காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது. கேக் வாசனை வந்தது.

ஐந்து குச்சிகளில் இரண்டு கறுத்துச் சுருங்கியிருந்தன. அது விரிப்பு கட்டுவதற்கு முன்பே தெரிந்தது. மற்ற மூன்றில், வீட்டுப் பக்கம் இருந்த ஒன்றில், மெழுகுக்கு ஒரு விரல் மேலே ஒரு கணு சற்றுப் புடைத்திருந்தது. அதன் நுனியில் ஏதோ மின்னியது. பச்சையா, பனி உருகிய ஈரமா என்று சொல்ல முடியவில்லை. ஓடெல் கண்ணாடியை டிரக்கில் விட்டுவிட்டு வந்திருந்தார். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"உயிர் இருக்கா?" வாசலிலிருந்து வெல்மா அம்மாள் கேட்டார்.

"இன்னும் சொல்ல முடியலக்கா."

"சரி. நீ வெட்டு."

அவர் ஒரு புல்லை இரண்டு விரலால் அடிமரத்திலிருந்து விலக்கிப் பிடித்து வெட்டினார். பிறகு அடுத்ததை. வேலியோரத்தில் நோவாக் இயந்திரத்தைக் கிளப்பாமல் நின்றுகொண்டிருந்தார். கத்தரியின் சத்தம் மட்டும் மெதுவாக மரத்தைச் சுற்றி வந்தது.